அப்பாவின் பேரில் கிடந்த சாலை

ஹட்சுமியின் வீட்டு வாசலில் ஓடும் ஊர்ச்சாலை காகிதத்தில் அங்கே இல்லை. காகிதத்தில் அது நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடைக்கரையை ஒட்டி, ஒரு ஆளும் ஒரு மாடும் போகிற அகலத்தில் கிடந்தது. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, லாரி வந்து போக வேண்டும் என்று ஊரார் கூடி முடிவெடுத்து, அவரவர் வயலின் ஓரத்தை வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்து, அவரவர் கையாலேயே மண் வெட்டிக் கல் சுமந்து புதுச்சாலை போட்டார்கள். பேரூராட்சி வந்து தார் ஊற்றியது. அதற்குப் பிறகு பதிவு அலுவலகத்துக்கு நடக்க யாருக்கும் தோன்றவில்லை. ஹினோதனி என்கிற அந்த ஊரின் வண்டிகள் அத்தனை வருஷமும், சட்டப்படி பார்த்தால், பதினோரு பேருடைய நெல்வயல்கள் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

போன ஜூலை மழையில் ஹட்சுமியின் வீட்டுக்குக் கீழே சாலையோரம் நாற்பது அடி நீளத்துக்குச் சரிந்து ஓடைக்குள் போனது. கட்டித் தர அரசாங்கம் தயாராக இருந்தது. ஆனால் சாலை நிற்கிற நிலம் பேரூராட்சியின் பேரில் இருக்க வேண்டும் என்றது. அதுவரை கயிறு கட்டி, ஒற்றைச் சைக்கிள் போகிற வழி மட்டும் விட்டிருந்தார்கள். எதிர்வீட்டுத் தமோட்சுவின் மனைவிக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரி போக வேண்டும். பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்த வண்டி இப்போது கணவாயைச் சுற்றி ஐம்பது நிமிஷம் எடுத்தது.

நவம்பரில் ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பேரூராட்சியின் கட்டுமானப் பிரிவிலிருந்து முரோதா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். எந்த நேரமும் கால்சட்டையின் அடி ஈரமாக இருக்கும். பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சிவப்புப் பேனாவால் வித்தியாசத்தைக் காட்டினார்.

தமோட்சு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். எழுபத்தெட்டு வயதாகியும் நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் என் வயலுக்குள்ளதான் வண்டி ஓட்டியிருக்கேன். அதுக்கு வேகமா ஓட்டினேன்னு போலீஸ்காரன் என்னை நிக்கவெச்சுத் திட்டினானே, அவனைக் கூப்பிடுங்க முரோதாசான்."

"அவரு ரிட்டையராகிப் போயிட்டாருங்க."

"பரவாயில்ல, வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போகட்டும்."

கூடம் சிரித்தது. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கொடுத்த நிலம் கொடுத்ததுதான், கையெழுத்துக்குப் பதிலான பெயர் முத்திரையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள் என்றார்கள். முரோதா தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நன்றி சொன்னார். பிறகு பட்டியலைப் பார்த்துக்கொண்டே ஹட்சுமியின் பக்கம் திரும்பினார். அவர் கேட்கப்போவது என்னவென்று அவளுக்குத் தெரியும். மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் வீட்டுக்கே வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, அவள் கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நிலம் நம்பர் இருநூத்திப் பதினாலுல மூணு, அந்தத் துண்டு இன்னும் உங்க அப்பா பேர்லதான் இருக்குங்க. சரிஞ்ச இடமே அதுதான். அப்பா காலமாயிட்டதால வாரிசுங்க எல்லாரும் முத்திரை வைக்கணும். வாரிசுன்னா நீங்க, அப்புறம் உங்க தம்பி. எல்லை பார்க்கிற அன்னிக்கு ரெண்டு பேரும் நேர்ல இருந்தா நல்லது."

"வீடும் வயலும்கூட அப்பா பேர்லதான் இருக்கு" என்றாள் ஹட்சுமி. "வரி கட்டுற சீட்டு வரும், கட்டிடுவேன். மாத்தணும்னு தோணல."

மாற்றத் தம்பியின் முத்திரை வேண்டும் என்பதால்தான் மாற்றவில்லை என்று அவள் சொல்லவில்லை. முரோதா இருபத்தைந்து வருஷமாக நிலத்தோடு பழகியவர். அவரும் கேட்கவில்லை.

"தம்பி முகவரி இருக்குங்களா?"

"இருபத்தேழு வருஷமாச்சு. எங்க இருக்கான்னு தெரியாது."

"நாங்க தேடிடுவோம். குடும்பப் பதிவேட்டைப் பிடிச்சுக்கிட்டே போனா ஆளு கிடைச்சுடுவாரு. உங்களுதுல இருந்தே ஆரம்பிக்கட்டுங்களா? இதுக்குத்தான் நாளாகும்."

ஹட்சுமி தேநீர்ப் பாத்திரத்தைத் தேவையில்லாமல் மூடித் திறந்தாள்.

"மத்தவங்களுது முடியட்டுமே. எங்களுது கடைசில இருக்கட்டும்."

முரோதா சரி என்றார். அவரும் எளிதானதை முதலில் முடிக்கிற மனிதர்தான். பத்துப் பேரின் தாள்களையும் ஜனவரி கடைசிக்குள் முடித்துவிட்டு, அதன் பிறகுதான் குனிஹிகோவைத் தேடும் முதல் கடிதத்தை அனுப்பினார்.

*

குனிஹிகோ அவளுக்கு நான்கு வயது இளையவன். சாலை போட்டபோது பதினாறு வயது. அப்பாவும் அவனுமாகத்தான் அந்தச் சரிவுக்குக் கல்சுவர் அடுக்கினார்கள். மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் அப்பா பேசியது "பெரிசு", "சின்னது", "திருப்பு" என்கிற மூன்று வார்த்தைகள்தான் என்று சாப்பிடும்போது குனி சொல்லிக் காட்டுவான். அப்பா காதில் விழாத மாதிரி ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருப்பார்.

சாலை வந்ததும் அந்தச் சாலையிலேயே குனி கிளம்பிவிட்டான். ஒசாகா பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. வயலுக்கும் காட்டுக்கும் ஆண் பிள்ளை இல்லாமல் போனதை அப்பா கடைசிவரை ஆற்றிக்கொள்ளவில்லை. யாரையோ கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டபோது, கூட்டிவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஹட்சுமியின் கணவன் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்து வயலைப் பார்த்துக்கொண்டான். அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஏழு வருஷம் அவரைத் தூக்கியதும் துடைத்ததும் ஹட்சுமி. அந்த ஏழு வருஷத்தில் குனி ஒரு தடவைகூட வரவில்லை. மனைவியைக் கூட்டிவர வேண்டாம் என்று சொன்னவர் படுத்த படுக்கையாக இருக்கும்போது வரலாமா கூடாதா என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அப்போது ஹட்சுமி அப்படி யோசிக்கிற நிலையில் இல்லை.

அப்பா செத்ததைத் தமோட்சுதான் பட்டறைக்குத் தந்தியடித்துச் சொன்னார். குனி வந்து சேர்ந்தபோது எரித்து முடித்து, எலும்பைப் பொறுக்கி ஜாடியில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வேலைச் சட்டையோடே வந்திருந்தான். கையில் ஒரு வலைப்பை நிறைய ஆரஞ்சு. வாசலில் அவனை மறித்து நின்றவள் ஹட்சுமிதான். உள்ளே உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா" என்றான்.

"அப்பா போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாரு" என்றாள் ஹட்சுமி. "உன்னைப் பார்க்க இஷ்டமில்ல, வந்தா உள்ள விடாதேன்னு."

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. கடைசி இரண்டு நாளும் வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், கோணிப்போன வாயால், குனியா, குனியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் பக்கத்தில் இருந்தவளின் பெயர் அந்த வாயில் வரவில்லை. அந்த ஆத்திரம்தான். அந்த ஒரு நிமிஷத்து ஆத்திரம்.

குனி ஆரஞ்சுப் பையைப் படியில் வைத்தான். வீட்டைப் பார்த்து நன்றாகக் குனிந்து கும்பிட்டான். திரும்பி, தான் கல் சுமந்த சாலையில் நடந்து போனான். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான் என்று தமோட்சு பிறகு சொன்னார். போய்க் கூப்பிட்டிருக்கலாம். எட்டு நிமிஷ நடை.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போன கணவனிடம்கூட.

*

முதல் பதில் பிப்ரவரி நடுவில் வந்தது. முரோதா வெளியூர் வேலையிலிருந்து திரும்புகிற வழியில் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லக் கூடாதுதான். ஆனா வாரிசு விஷயம், நீங்க தெரிஞ்சுக்கலாம். தம்பிக்கு ஒரு பொண்ணு இருக்கு. ஷிஹோன்னு பேரு. இப்போ முப்பத்தெட்டு வயசு."

ஹட்சுமிக்குக் குழந்தை கிடையாது. ஷிஹோ, ஷிஹோ என்று அன்றைக்குச் சமையலறையில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முள்ளங்கி நறுக்கும்போது அந்தப் பெயர் கத்தியின் சத்தத்தோடு நன்றாகப் பொருந்தியது.

மார்ச்சில் இன்னொரு உறை. மனைவி பிரிந்துவிட்டாள், பதினெட்டு வருஷத்துக்கு முன்பு. அவன் தன் பதிவை மட்டும் கடலோரத்து வேறு நகரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். அங்கேயும் எழுதிப் போட்டிருக்கிறது என்றார் முரோதா. பிறந்தது, மணந்தது, பெற்றது, பிரிந்தது என்று தம்பியின் வாழ்க்கை அரசாங்கத் தபாலில் துண்டு துண்டாக அவளிடம் வந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றுகூட அவளுக்கு அவன் வாயால் தெரியவில்லை. ஆனாலும் அவள் மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அவளுடைய கடிதம் என்றால் அவன் பிரிக்காமல் போட்டுவிடலாம். பேரூராட்சிக் கடிதத்தை யாரும் அப்படிப் போட முடியாது. சட்டமே அவனை வா என்று கூப்பிடப் போகிறது. வந்தால் எல்லைக்கல்லைப் பார்க்க அவள் பக்கத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.

"குனி வர்றானாமே" என்றார் தமோட்சு, மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டே. "வந்தா சொல்லு. ஆறாங்கிளாஸ்ல என் கத்தியை வாங்கிட்டுப் போனான். இன்னும் தரல."

"அண்ணே, அறுபது வருஷம் ஆகப்போகுது."

"கத்தி என்ன அழுகிடவா போகுது?"

அவள் மாடியறையைத் திறந்து பாய்களைத் துடைத்தாள். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினாள். அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஓடைக்கரையில் களை பிடுங்கும்போது பேசிப் பார்த்தாள். அப்பா உன்னைத்தான் கேட்டார் குனி, நான்தான் பொய் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது குரல் இறங்கிவிடும். பரவாயில்லை, அவன் முகத்தைப் பார்த்ததும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி முரோதா போன் செய்யாமல் வந்தார். அன்று அவருடைய கால்சட்டையின் அடி உலர்ந்திருந்தது. ஆபீசிலிருந்து நேரே வந்திருக்கிறார். கேட்காமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கோப்பைத் திறக்கவில்லை.

"ஹட்சுமிசான், தம்பி காலமாயிட்டாருங்க."

அவளுக்கு உடனே புரிந்தது, ஆனால் எந்தத் தம்பி என்பது போல அவரைப் பார்த்தாள்.

"எப்போ?"

முரோதா தாளை எடுத்து மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஹட்சுமி கண்ணாடியைத் தேடினாள். அது தலையிலேயே இருந்தது. படித்தாள். இறந்த தேதி என்ற இடத்தில், உத்தேசமாக பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதிக்குள் என்று அச்சடித்திருந்தது. இந்த வருஷத்துப் பிப்ரவரி.

"ஒரு ஆளு ஒரு நாள்லதானே சாவாங்க" என்றாள். "ஏன் இத்தனை நாள் போட்டிருக்கு?"

முரோதா தலை குனிந்துகொண்டார். அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கியது. எந்த நாள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. எட்டு நாளாகக் கதவைத் தட்ட ஒரு ஆள் இல்லை.

பிப்ரவரி மூன்று, ஊரெல்லாம் வறுத்த சோயாவை இறைத்துப் பீடையை விரட்டுகிற நாள். அன்றைக்கு அவளும் வாசலில் நின்று, பீடை வெளியே போ, நல்லது உள்ளே வா என்று கைநிறைய இறைத்தாள். அதே வாசலில்.

"நவம்பர்ல நீங்க கேட்டீங்க" என்றாள் ஹட்சுமி மெதுவாக. "எங்களுதுல இருந்து ஆரம்பிக்கட்டுமான்னு."

"நானும்தான் தள்ளிப்போட்டேன்."

"நான்தான் கடைசில வைக்கச் சொன்னேன்."

"எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு. மூணு மாசம் முன்னாடி எழுதியிருந்தா..."

தேநீர் போட அவள் எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொதித்துச் சத்தமிட்டபோது முரோதா வந்து அடுப்பை அணைத்தார். அவரே தேநீர் போட்டு அவள் கையில் கொடுத்தார். அந்த வீட்டில் தேயிலை எங்கே இருக்கிறது என்று இத்தனை மாதமாக வாசற்படியிலிருந்து பார்த்தே அவருக்குத் தெரிந்திருந்தது.

*

இனி வாரிசு ஷிஹோ. முரோதா எழுதினார். பதினைந்து நாளில் பதில் வந்தது, நான்கு வரி. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை, மே மாதம் இருபத்திரண்டாம் தேதி ஒருநாள் லீவு கிடைக்கும், நிலத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம், சாலைக்கு வேண்டியதைச் செய்து தருகிறேன்.

அன்று நாற்று நட்டு முடித்த வயல்களில் தண்ணீர் பளபளத்தது. ஷிஹோ பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். உயரமான பெண், தோளில் ஒரு துணிப்பை. ஹட்சுமி தூரத்திலிருந்தே பார்த்தாள். நடை குனியின் நடை. இடது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு.

"அத்தைங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா. வா" என்றாள் ஹட்சுமி.

சர்வேயர் முக்காலியை நிறுத்திக் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். முரோதா சாலையோரம் முன்னாலேயே அடித்திருந்த முளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். முளையின் தலையில் சிவப்பு மை. இங்கிருந்து அங்கே வரை பேரூராட்சிக்கு, அந்தப் பக்கம் உங்களுக்கு. தமோட்சு தன் எல்லைக்காக வந்தவர், ஹட்சுமியின் எல்லையிலும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

"இந்த முளை ஒரு சாண் என் பக்கம் வந்திருக்கு."

"போன மாசம் நீங்கதான் இங்க அடிக்கச் சொன்னீங்க" என்றார் முரோதா.

"போன மாசம் நான் நல்ல மனுஷனா இருந்தேன்." பிறகு ஷிஹோவைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டார். "நீ குனி பொண்ணா? மூக்கு அப்படியே இருக்கு. இதோ இந்தக் கல்லெல்லாம் உங்க அப்பன் சுமந்ததுதாம்மா. விழுந்ததுபோக மிச்சம்."

ஷிஹோ சரிவின் விளிம்பில் நின்று, விழாமல் ஒட்டிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தாள். "இந்த ஊரைப் பத்தி அப்பா ஒண்ணும் சொன்னதில்ல" என்றாள். "கல்லு அடுக்குவாருன்னு தெரியும். நாங்க இருந்த வாடகை வீட்டுப் பின்னாடி சின்னதா ஒரு சுவர் அடுக்கினாரு. அப்போ எனக்கு ஏழு வயசு. கல்லை எடுத்துக் கொடுன்னு சொல்லுவாரு. பெரிசு, சின்னது, திருப்பு. வேற பேச்சே கிடையாது."

ஹட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாருக்கும் சம்மதம் என்று சர்வேயர் எழுதிக்கொண்டார். வீட்டுக்குள் வந்து தாள்களில் முத்திரை வைத்தார்கள். ஷிஹோ தன் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, கொஞ்சமும் கோணாமல் பதித்தாள். முரோதா தாள்களைச் சரிபார்க்க வராந்தாவுக்குப் போனார். ஹட்சுமி மலைக்கீரைச் சோறும் மிசோ சூப்பும் வைத்தாள். அந்தப் பெண் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் நின்றது, சொன்ன பொய், அப்பா உண்மையில் கேட்டது, ஆரஞ்சுப் பை. ஓடைக்கரையில் இறங்கிப்போன குரல் இப்போது இறங்கவில்லை. அழவும் இல்லை. சொல்லி முடித்ததும் கைகளைப் பாயில் ஊன்றி நெற்றி தரையில் படக் குனிந்தாள். எழவில்லை.

ஷிஹோ காலியான சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே பார்த்தாள்.

"அப்பா அதைச் சொல்லியிருக்காரு" என்றாள் கடைசியில். "குடிச்சா சொல்லுவாரு. பெத்தவருக்கே என்னைப் பார்க்க இஷ்டமில்ல, உங்களுக்கு மட்டும் இருக்கவா போகுதுன்னு. அம்மா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அலுத்துப்போனாங்க." கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "இப்போ என்கிட்ட சொல்லி என்ன அத்தை? நான் போய் அவருகிட்ட சொல்ல முடியுமா?"

"முடியாது."

"எழுந்திரிங்க. யாராவது இப்படிக் குனிஞ்சா எனக்குப் பயமா இருக்கு."

ஹட்சுமி நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் அவற்றில் இளக்கம் இல்லை.

"எனக்குப் போலீஸ்ல இருந்து போன் வந்துச்சு" என்றாள் ஷிஹோ. "பன்னிரண்டு வருஷமா நான் அவரைப் பார்க்கல. என் கல்யாணத்துக்குக் கூப்பிடல. அதுக்கப்புறம் நகராட்சியில இருந்து கேட்டாங்க, அஸ்தியை வாங்கிக்கிறீங்களான்னு. வாங்க மாட்டேன்னு எழுதி முத்திரை வெச்சு அனுப்பிட்டேன். இதே முத்திரைதான்." அவள் தன் விரலில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள். "கதவை மூடினது நீங்க மட்டும்னு நினைச்சுக்காதீங்க."

வராந்தாவில் முரோதா தாளைப் புரட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"அஸ்தி இப்போ எங்க இருக்கு?" என்று கேட்டாள் ஹட்சுமி.

"தெரியல."

"இங்க நம்ம குடும்பக் கல்லறை இருக்கு. உன் தாத்தா பக்கத்துல இடம் இருக்கு."

ஷிஹோ தலையசைத்தாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஹட்சுமி முரோதாவைக் கூப்பிட்டாள். ஆபீசுகளோடு எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் அந்த நகராட்சிக்குப் போன் போட்டார். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றினார்கள். ஆமாம், ஆமாம், நெருங்கின உறவினர்கள் இங்கே இருக்கிறார்கள் என்றார். அப்புறம் மறுமுனை சொல்வதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"உறவுக்காரங்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டதால, ஏப்ரல் கடைசியில பொதுக் கல்லறையில சேர்த்துட்டாங்களாம்" என்றார். "ஆளில்லாதவங்க எல்லாரையும் ஒண்ணா சேர்க்கிற இடம். இனிமே பிரிக்க முடியாதாம்."

ஏப்ரல் கடைசி. அவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்து பத்து நாள் ஆகியிருந்த சமயம். அந்தப் பத்து நாளில் அஸ்தியைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முரோதாவின் மனசும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். ஷிஹோ அப்போதுதான் அழுதாள். முகத்தை மூடாமல், சின்னப் பிள்ளை அழுவதுபோல வாயைத் திறந்து அழுதாள். ஹட்சுமி கிட்டே போய் அவள் முதுகில் கை வைத்தாள். அந்தப் பெண் கையைத் தள்ளவில்லை, சாயவும் இல்லை.

மூன்று மணி பஸ்ஸுக்கு முரோதா தன் வண்டியில் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஷிஹோ வேண்டாம், நடந்தே போகிறேன் என்றாள்.

*

பதிவு மாறியது. ஜூலையில் வேலை ஆரம்பித்தது. பழைய கல் எதையும் திரும்பச் சேர்க்க முடியாது, விதிமுறையில் இடமில்லை என்று கான்கிரீட் ஊற்றினார்கள். ஆகஸ்டில் தமோட்சுவின் மனைவி மறுபடி பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி போனாள். திறந்த அன்று பேரூராட்சித் தலைவர் வந்து, நிலம் கொடுத்தவர்களின் ஒத்துழைப்பால்தான் இது நடந்தது என்று பேசினார். பதினோரு பேரின் பெயரையும் வாசித்தார். அப்பாவின் பெயர் வந்தபோது கைதட்டினார்கள். ஹட்சுமியும் தட்டினாள்.

செப்டம்பரில், முன்னோரை நினைக்கிற வாரத்தில், அவள் ஷிஹோவுக்கு எழுதினாள். நான் அந்தப் பொதுக் கல்லறைக்குப் போகிறேன், உனக்கு இஷ்டமிருந்தால் வா, இல்லையென்றால் வழி மட்டும் எழுது. ஷிஹோ ரயில் நேரத்தை எழுதி அனுப்பினாள். ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று மட்டும் கடைசி வரி.

பஸ்ஸிலும் மூன்று ரயிலிலுமாக ஏழு மணி நேரம். ஸ்டேஷனில் இருவரும் ஒருவருக்கொருவர் லேசாகக் குனிந்துகொண்டார்கள். கல்லறைத் தோட்டம் ஒரு பெரிய சாலைக்குப் பின்னால், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருந்தது. பொதுக் கல்லறை என்பது மேலே பெயர் எதுவும் வெட்டாத ஒரு அகலமான கல். முன்னால் பூ வைக்க இரண்டு எஃகுக் குழாய்கள். அங்கே இருந்த பூ புதியது. யாரோ யாருக்கோ வைத்திருந்தார்கள்.

சீருடை போட்ட ஒரு மனிதர் விளக்குமாற்றோடு வந்து, சாம்பிராணிக் குச்சி வேண்டுமா என்று கேட்டார்.

"யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

"என் தம்பியை" என்றாள் ஹட்சுமி.

பெயர் என்ன என்று அவர் கேட்டார். வருகைப் புத்தகத்தில் எழுத வேண்டுமாம். அவள் சொன்னாள். அந்தப் பெயரை எழுதப் பல சித்திர எழுத்துகள் உண்டு, எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஷிஹோ பேனாவை வாங்கித் தானே எழுதினாள். குனிஹிகோ. அடுத்த கட்டத்தில் வந்தவர்களின் உறவு என்று கேட்டிருந்தது. மகள் என்று எழுதிவிட்டு, பேனாவை அத்தையிடம் கொடுத்தாள். ஹட்சுமி எழுதிய அக்கா என்கிற எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

பிறகு இருவரும் அந்தக் கல்லின் முன்னால் நின்றார்கள். லாரிகள் போகிற சத்தத்தில் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதை ஹட்சுமி மனசுக்குள் சொன்னாளா, சத்தமாகச் சொன்னாளா என்று பக்கத்தில் நின்ற ஷிஹோவுக்கே தெரியவில்லை. குச்சி எரிந்து முடிந்து, சாம்பல் விழுந்தபிறகும் ஹட்சுமி நகரவில்லை. ஊர் திரும்பும் கடைசி ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருந்தது. ஷிஹோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளோடு நின்றாள்.